கண் தெரியாத சகாக்கள்



கால்பந்துத் திடலில் விசிலும் கையுமாக ஓடுகிறாரே, அவருக்கு ஸ்பானிய மொழியில் ‘ஆர்பித்ரோ’ என்று பெயர். மாட்ரிட்டாக இருக்கட்டும், மெக்சிகோ நகரமாக இருக்கட்டும், ஆட்டம் நடக்கும் நாளில் அரங்கமே எழுந்து நின்று அவரைத் திட்டும். அதே சொல் மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் போய்விடுகிறது. ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரையை அச்சேற்றலாமா வேண்டாமா என்று படித்துப் பார்த்துச் சொல்பவரும் அங்கே ஆர்பித்ரோதான். ஆங்கிலத்திலும் இதே நிலைமை. திடலில் ஓடுபவர் ரெஃபரி. கட்டுரையைப் படிப்பவரும் ரெஃபரி. அப்படியானால் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது எவ்வளவு சுலபம் என்று நினைக்கத் தோன்றும். ஒரே ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும், கால் வழுக்கும்.

அந்த எட்டு எது? ஆர்பித்ரோ செய்யும் வேலைக்கு ஸ்பானியத்தில் ‘அர்பித்ராஹே’ என்பார்கள். அப்படிப் படித்துப் பார்த்து ஏற்கப்பட்ட கட்டுரை ‘அர்பித்ராதோ’. சொல்லின் முகத்தை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் இதை ‘ஆர்பிட்ரேட்டட் ஆர்ட்டிக்கிள்’ என்று எழுதிவிடுவார். ஆங்கிலத்தில் ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு, அல்லது இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தச் சண்டை. நீதிமன்றப் படி ஏறாமல் நடுவில் ஒருவரை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். அதுதான் ஆர்பிட்ரேஷன். ஆகவே ‘ஆர்பிட்ரேட்டட் ஆர்ட்டிக்கிள்’ என்று படிக்கும் ஆங்கிலேயருக்கு, அந்தக் கட்டுரையை வைத்து யாரோ வழக்கு போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். எழுத வேண்டியது ‘ரெஃபரீட்’ அல்லது ‘பியர் ரிவியூட்’. தென் அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் ஆங்கிலத்தில் தயாரித்து அனுப்பும் தன்விவரக் குறிப்புகளில் இந்தப் பிழை பலகாலமாகக் குடியிருக்கிறது.

தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. திடலிலும் நடுவர், தொழில் தகராறிலும் நடுவர், பட்டிமன்ற மேடையிலும் நடுவர். மலாய்மொழியும் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. ‘ஜர்னல் பெர்வாசிட்’ என்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் சொல்வார்கள். வாசிட், அதாவது நடுவர், பார்த்த இதழ் என்று பொருள்.

சரி, இந்த நடுவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதைத் தானே முடிவு செய்யாமல், அதே துறையில் பழுத்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் படித்துவிட்டு, இங்கே கணக்கு தப்பு, இங்கே சான்று போதாது, இதை ஏற்கெனவே வேறொருவர் சொல்லிவிட்டார் என்று எழுதிக் கொடுப்பார்கள். லண்டன் ராயல் சொசைட்டி 1830களிலேயே இப்படி எழுத்துமூல அறிக்கை வாங்கத் தொடங்கியது. ஆனாலும் எல்லா இதழ்களும் உடனே இந்த வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ் வெளியார் மதிப்பீட்டை முறையான விதியாக வைத்துக்கொண்டது 1973இல்தான்.

ஐன்ஸ்டைனுக்கே இது பிடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 1936இல் ஈர்ப்பலைகளைப் பற்றி அவரும் நேத்தன் ரோசனும் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவியூ’ இதழ் வேறொரு நிபுணரிடம் காட்டியது. அச்சிடத்தான் அனுப்பினோம், மற்றவரிடம் காட்டச் சொல்லவில்லை என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் பிழை இருப்பதாக அந்த நிபுணர் சொன்னது சரி. மறுஆண்டு கட்டுரை வேறோர் இதழில் வந்தபோது அதன் முடிவு தலைகீழாக மாறியிருந்தது.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ‘பியர் ரிவியூ’ என்று பெயர். பியர் என்றால் சமமானவர், சகா. ஸ்பானியத்தில் ‘ரெவிசியோன் போர் பாரெஸ்’. ‘பார்’ என்பது ஒருமை, ‘பாரெஸ்’ பன்மை. பியர், பார் இரண்டுமே ‘சமம்’ என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே, ஒன்றுக்கு ஒன்று சரியாக நிற்கும் என்று நம்பினால் அங்கேயும் ஏமாற்றம். ஸ்பானிய ‘பார்’ என்பதற்கு ‘ஜோடி’ என்றும் பொருள் உண்டு. ஒரு ஜோடி காலணி வாங்கப் போனாலும் ‘பார்’ என்றுதான் கேட்பார்கள். அதனால் ‘ரிவியூ பை பெயர்ஸ்’, அதாவது ஜோடி ஜோடியாக உட்கார்ந்து மதிப்பீடு செய்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பு வந்துவிடுவதுண்டு. ஆங்கிலப் ‘பியர்’ சொல்லுக்கோ வேறொரு பெருமை: பிரிட்டனில் பிரபுக்கள் சபை உறுப்பினரையும் அப்படித்தான் அழைப்பார்கள். கொலம்பியாவில் பல்கலைக்கழகங்களின் தரத்தைப் பார்க்க நேரில் வரும் நிபுணர்களும் ‘பாரெஸ்’தான். அந்த வருகையை லண்டனில் ஒருவருக்கு விளக்கும்போது ‘இரண்டு பியர்கள் வந்தார்கள்’ என்று எழுதினால், கோட்டும் கிரீடமுமாக யாரோ இறங்கியதாக அவர் நினைத்துக்கொள்ளக் கூடும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ‘பாரெஸ் சியேகோஸ்’. சியேகோ என்றால் கண் தெரியாதவர். கட்டுரையை எழுதியவர் யார், படிப்பவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாதபடி பெயர்களை மறைத்து நடத்தும் மதிப்பீட்டை ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் ரிவியூ’ என்று சொல்லிவந்தார்கள். மதிப்பீடுதான் பிளைண்ட், மதிப்பிடுபவர் அல்ல. ஸ்பானிய இதழ்களில் இது பல இடங்களில் இடம் மாறி, ‘கண் தெரியாத சகாக்களின் மதிப்பீடு’ என்றே நிலைத்துவிட்டது. ஸ்பானியம் படிப்பவருக்கு அது பழகிப்போன சொல், யாரும் சிரிப்பதில்லை. அதை அப்படியே ‘ரிவியூட் பை பிளைண்ட் பியர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் போட்டால், பார்வையற்ற பேராசிரியர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வேலை கொடுக்கும் இதழாகிவிடும். தமிழ்க் காதுக்கு இன்னும் ஒரு படி மேலே: கண் தெரியாதவரைப் போய் ‘பார்’ என்கிறார்களே!

சிரித்து முடித்தாகிவிட்டது. இனி இதில் உள்ள சிக்கலைப் பார்ப்போம், ஏனென்றால் விளையாட்டு வினையாவது இங்கேதான்.

பெயரை மறைப்பதில் வகைகள் உண்டு. மதிப்பிடுபவர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது, ஆனால் எழுதியவர் யார் என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியும். இது ஒரு வகை, ஒற்றை மறைப்பு. இருவருக்குமே தெரியாது என்றால் இரட்டை மறைப்பு. ஆசிரியருக்குக்கூட எழுதியவர் யார் என்று தெரியாமல் வைத்திருப்பதும் உண்டு, அது மும்மறைப்பு. இப்போது ஓர் இதழின் விதிமுறைப் பக்கத்தில் ‘பாரெஸ் சியேகோஸ்’ என்று மட்டும் இருக்கிறது. அது ஒற்றையா, இரட்டையா? அந்தச் சொற்களில் விடை இல்லை. அவசரத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர், ‘டபுள் பிளைண்ட்’ என்பதுதானே காதுக்குப் பழகிய தொடர் என்று அதையே எழுதிவிடுகிறார். உண்மையில் அந்த இதழ் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரோடுதான் நிபுணர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இதழ் உலகத்துக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது ஆசிரியரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரின் அவசரம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2004இல் தொடங்கிய ஸ்கோபஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் விரிவுரையாளராக இருக்கும் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும். ஓர் இதழ் அதில் இடம்பெற வேண்டுமானால் கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சக ஆய்வாளர் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்ற விளக்கம் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இதழ் ஸ்பானியத்தில் வருவதில் தடையில்லை. ஆனால் உலகின் கண்ணுக்கு முதலில் படுவது ஆங்கிலப் பக்கம்தான். இருபது நாடுகளில் ஆட்சிமொழி, ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி, அப்படிப்பட்ட ஒரு மொழியின் அறிஞர்கள்கூடத் தங்கள் நேர்மையை இன்னொரு மொழியில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தே அவர்கள் காலை வாரினால்?

ஆங்கிலப் பக்கத்திலும் சொல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு குறையின் பெயரை இப்படி எடுத்தாள்வது சரியில்லை என்ற எண்ணம் வந்து, பல பதிப்பகங்கள் ‘பிளைண்ட்’ என்பதை விட்டுவிட்டன. அமெரிக்காவில் தகவல் துறைக்கான தரங்களை வகுக்கும் நைசோ அமைப்பு 2023இல் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக் கலைச்சொற்களுக்கென்றே ஒரு தரத்தை வெளியிட்டது. அதில் ‘சிங்கிள் அனானமைஸ்ட்’, ‘டபுள் அனானமைஸ்ட்’, ‘ட்ரிப்பிள் அனானமைஸ்ட்’ என்றுதான் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் சரியாக மொழிபெயர்த்தவர்கூட இன்று தம் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது ஸ்பானியம் என்று ஒரே மொழி இருப்பதாக எண்ணிக்கொண்டு. அப்படி இல்லை. தமிழ்நாட்டுத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் மலேசியத் தமிழும் ஒன்றுதான், ஆனால் கடையில் போய்க் கேட்கும்போது வேறு வேறு சொல் வருகிறதல்லவா? ஸ்பானியத்திலும் அதே. வெனிசுவேலாவில் ‘அர்பித்ராதா’ என்று இதழைச் சொல்வார்கள். கொலம்பியாவில் நடுவருக்கு ‘பார் எவலுவாதோர்’ என்று பெயர், அதாவது மதிப்பிடும் சகா. அர்ஜென்டினாவில் ‘ரெஃபெராத்தோ’. ஆங்கில ‘ரெஃபரி’யைத்தான் வாங்கித் தங்கள் அச்சில் வார்த்துக்கொண்டார்கள். கடன் வாங்கிய சொல்லைத் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ‘ரெஃபெராத்தோ’ அகராதியில் கிடைக்காமல், அதை ‘ரெஃபரன்ஸ்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நடுவர் பார்த்த இதழ், மேற்கோள் பட்டியல் உள்ள இதழாகிவிடுகிறது.

மெக்சிகோவின் சொல் ‘திக்தாமென்’. இந்தச் சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தால் திக்தாமென். நீதிமன்றத்தில் கையெழுத்து நிபுணர் தரும் அறிக்கை திக்தாமென். சட்டமன்றக் குழு ஒரு மசோதாவைப் பரிசீலித்துத் தரும் அறிக்கையும் திக்தாமென். பல்கலைக்கழகத்தில் கட்டுரையையோ நூலையோ படித்தவர் எழுதும் அறிக்கையும் அதுவே, எழுதியவர் ‘திக்தாமினாதோர்’. பார்ப்பதற்கு ‘டிக்டேட்’ போலவும் ‘டிக்டேட்டர்’ போலவும் இருக்கிறது. ஆனால் அதில் அதிகாரம் இல்லை. அறிவுள்ளவர் தரும் கருத்து, அவ்வளவே. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் கிடையாது. மருத்துவர் என்றால் ‘ரிப்போர்ட்’, நீதிமன்றம் என்றால் ‘எக்ஸ்பர்ட் ஒப்பினியன்’, ஆய்விதழ் என்றால் ‘ரிவியூவர்ஸ் ரிப்போர்ட்’. இடம் பார்த்து மாற்ற வேண்டும். அதற்கு முதலில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மெக்சிகோவின் உட்பகுதி நகரம் ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஒரு பெண் விரிவுரையாளர். பதினைந்து ஆண்டுகளாக, மாலை வகுப்பு முடித்து வீட்டுக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு மற்றவர்களின் கட்டுரைகளைப் படித்து அறிக்கை எழுதியிருக்கிறார். இதற்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. கிடைப்பது ஒரு தாள், முத்திரை போட்ட தாள். மெக்சிகோவில் அதற்குக் ‘கொன்ஸ்தான்சியா’ என்பார்கள். இப்போது அவர் கனடாவில் ஓராண்டு ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கிறார். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

கொன்ஸ்தான்சியா என்றால் சான்றிதழ். சொல்லுக்குச் சொல் போனால் ‘கான்ஸ்டன்சி’, அதாவது மன உறுதி, மாறாத அன்பு. தலைப்பிலேயே ‘மாறாத அன்பு’ என்று ஒரு சான்றிதழ் கனடாவுக்குப் போகிறது! அடுத்த வரியில், இந்த அம்மையார் இன்ன கட்டுரையை ‘திக்தாமினோ’ என்று இருக்கிறது. சொல்லைத் துரத்துபவர் ‘ரூல்ட் ஆன் தி ஆர்ட்டிக்கிள்’ என்று எழுதுவார், தீர்ப்பு சொன்னாராம். கனடாவில் உட்கார்ந்து நாற்பது விண்ணப்பங்களைப் புரட்டும் தேர்வுக் குழுவினருக்கு இதை வைத்துப் புதிர் போட நேரம் இருக்காது. ‘சர்வ்ட் ஆஸ் எ பியர் ரிவியூவர்’ என்று ஐந்தே சொற்கள் இருந்திருந்தால், பதினைந்து ஆண்டு உழைப்பும் ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

பணமும் இதில் கலந்திருக்கிறது. மெக்சிகோவில் 1984இல் உருவான தேசிய ஆய்வாளர் முறையின்கீழ், தேர்வு பெறும் ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. கொலம்பியாவில் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் சம்பளத்தை 2002ஆம் ஆண்டின் 1279ஆம் எண் ஆணை வகுத்தது. தரப்படுத்திய இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்குப் புள்ளி, புள்ளிக்குச் சம்பளம். ஸ்பெயினில் 1989 முதல் ஆறு ஆண்டு ஆய்வுப் பணியை மதிப்பிட்டு ஊதியத்தில் கூடுதல் தருகிறார்கள். அதற்குச் ‘செக்ஸேனியோ’ என்று பெயர். செய்ஸ் என்றால் ஆறு. மூன்று செக்ஸேனியோ பெற்றவர் என்றால் ஸ்பெயினில் மரியாதைக்குரிய பேராசிரியர். அதே சொல்லுக்கு மெக்சிகோவில் என்ன பொருள் தெரியுமா? அதிபரின் ஆறாண்டு ஆட்சிக்காலம். மெக்சிகோ வழக்கம் மட்டும் தெரிந்தவர் கையில் ஸ்பெயின் பேராசிரியரின் விவரம் கிடைத்தால், அவர் மூன்று முறை நாட்டை ஆண்டவராகிவிடுவார்.

நடுவர்கள் தரும் முடிவுகளுக்கு வருவோம். ஆங்கில இதழ்களில் பொதுவாக நான்கு படி: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு. ஸ்பானிய இதழ்கள் பலவற்றில் மூன்றே படி: ‘புப்ளிகாப்லே’, ‘புப்ளிகாப்லே கொன் மோதிஃபிகாசியோனெஸ்’, ‘நோ புப்ளிகாப்லே’. வெளியிடத் தக்கது, மாற்றங்களுடன் வெளியிடத் தக்கது, தகாதது. நடுப்படியை என்ன செய்வது? மாற்றம் சிறியதா, பெரியதா என்று ஸ்பானியம் சொல்லவில்லை. விண்ணப்பதாரர் தெரிந்தவராக இருந்தால், ‘அக்செப்டட் வித் மைனர் ரிவிஷன்ஸ்’ என்று போட்டுவிடுங்களேன் என்பார். பார்ப்பதற்கு ஒன்றும் தப்பில்லாதது போல இருக்கும். ஆனால் ‘வெளியிடத் தக்கது’ என்பது ஏற்பு ஆகாது. மாற்றம் சிறியது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்றை நான்காக நீட்டுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. ‘பப்ளிஷபிள் சப்ஜெக்ட் டு சேஞ்சஸ்’ என்று உள்ளது உள்ளபடி எழுதிவிட்டு, தேவைப்பட்டால் அந்த இதழின் அளவுகோல் மூன்று படி கொண்டது என்று ஒரு வரி சேர்ப்பதுதான் நியாயம்.

இரண்டு நடுவர்கள் முரண்பட்டால்? ஒருவர் போடலாம் என்கிறார், மற்றவர் குப்பை என்கிறார். அப்போது மூன்றாவது ஆளை அழைப்பார்கள். அவருக்கு ஸ்பானியத்தில் ‘தெர்செரோ என் திஸ்கோர்தியா’ என்று அழகான பழைய பெயர் உண்டு, சச்சரவில் மூன்றாமவர். ஆங்கிலத்தில் அழகெல்லாம் போய் ‘தேர்ட் ரிவியூவர்’ என்று வறண்டு நிற்கும். போகட்டும், புரிகிறதே. போட்டிகளில் நடுவர் குழுவின் முடிவை ‘ஃபாயோ’ என்பார்கள். அதே எழுத்தில், அதே ஒலிப்பில் வரும் இன்னொரு ‘ஃபாயோ’வுக்குப் பொருள், பிழை! நடுவர் தீர்ப்பே இறுதியானது என்ற வரி, நடுவரின் பிழையே இறுதியானது என்று பெயர்க்கப்படும் ஆபத்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. சில நேரங்களில் அதுவே உண்மையாகவும் இருந்துவிடுவது வேறு விஷயம்.

இவை தவிர, ஆங்கிலச் சொல் போலவே முகம் காட்டி ஏமாற்றும் சொற்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. ‘எடிதோரியால்’ என்றால் தலையங்கமும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பதிப்பகம். ‘கொன்ஃபெரென்சியா’ மாநாடு அன்று, ஒருவர் தனியாக நிகழ்த்தும் சொற்பொழிவு. மாநாட்டுக்குக் ‘கொங்க்ரேசோ’, அங்கே வாசித்த கட்டுரைகளின் தொகுப்புக்கு ‘ஆக்தாஸ்’. அதை ‘ஆக்ட்ஸ் ஆஃப் த காங்கிரஸ்’ என்று எழுதினால் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்ட கதையாகிவிடும். ‘கொரெக்சியோன் தே எஸ்தீலோ’ நடையைத் திருத்துவது என்று தோன்றும். உண்மையில் அச்சுக்கு முன் நடக்கும் பிரதி செப்பம், ‘காப்பி எடிட்டிங்’. ‘இன்பெஸ்திகாசியோன்’ ஆராய்ச்சி. ஆங்கிலத்தில் ‘இன்வெஸ்டிகேஷன்’ என்றால் போலீஸ் வாசனை வந்துவிடுகிறது. தமிழில் ஆய்வு வேறு, விசாரணை வேறு என்று பிரித்து வைத்திருப்பது எவ்வளவு வசதி! மெக்சிகோவில் முனைவர் பட்டத் தேர்வாளரைச் ‘சினோதால்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அதன் சாயலில் இருப்பது தேவாலயச் சபை சம்பந்தப்பட்ட சொல். பட்டம் வாங்கப் போனவர் பாதிரியார்கள் முன் நின்றது போலாகிவிடும்.

இந்தக் கூட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாதது ‘சியென்தீஃபிகோ’. ஸ்பானியத்தில் ‘சியென்சியா’ என்பது இயற்பியல், வேதியியல் மட்டுமில்லை. வரலாறும் மொழியியலும் இலக்கிய ஆராய்ச்சியும் அதற்குள் அடக்கம். ஆகவே கவிதை ஆராய்ச்சி இதழுக்கும் ‘கொமித்தே சியென்தீஃபிகோ’ இருக்கும். ஆங்கிலத்தில் ‘சயண்டிஃபிக் கமிட்டி’ என்று போட்டால், கவிதையைச் சோதனைக்குழாயில் போட்டுப் பார்க்கும் குழு என்று எண்ணத் தோன்றும். ‘அகாடமிக் அட்வைசரி போர்டு’ என்றால் சரியாக வரும். கட்டுரையின் அடியில் இரண்டு தேதிகள் இருக்கும்: வந்து சேர்ந்த நாள், ஏற்கப்பட்ட நாள். முதலாவதை ‘ரெசெப்சியோன்’ என்பார்கள். அதை ‘ரிசெப்ஷன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட இதழ்கள் உண்டு. கல்யாண வரவேற்பு மார்ச் 12, ஏற்பு ஜூலை 30!

ஒரு சிலர், எந்திரம்தான் இப்போது நன்றாகவே மொழிபெயர்க்கிறதே, இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பார்கள். உண்மைதான், ‘கண் தெரியாத சகாக்கள்’ போன்ற பச்சைப் பிழைகள் குறைந்திருக்கின்றன. ஆனால் எந்திரம் எவ்வளவு சரளமாக எழுதினாலும், ஒற்றை மறைப்பா இரட்டை மறைப்பா என்பது தாளில் இல்லாதபோது அதற்கும் தெரியாது. முன்பு பிழை பல்லிளித்துக்கொண்டு நின்றது, படிப்பவர் சந்தேகப்பட்டார். இப்போது பிழை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறது, யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் செய்வது மிகச் சாதாரணமான காரியம்: தொலைபேசியை எடுத்து, அனுப்பியவரையே கேட்டுவிடுவார்.

அந்த மெக்சிகோ விரிவுரையாளரிடமும் அப்படி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா, இந்தக் கட்டுரை உங்களுக்கு வந்தபோது எழுதியவர் பெயர் அதில் இருந்ததா?”

“இல்லை ஐயா, மறைத்துத்தான் அனுப்பினார்கள்.”

“அப்படியானால் இரட்டை மறைப்பு என்று எழுதிவிடலாமா?”

அம்மையார் சற்றுத் தயங்குகிறார். “எழுதலாம். ஆனால் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு கட்டுரை, ஏழும் ஒரே ஆளுடையவை. இந்தத் துறையில் நாங்கள் இருப்பதே பத்துப் பேர்.”

“தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?”

“ஆசிரியருக்கு எழுதிச் சொன்னேன். பரவாயில்லை, நீங்களே பாருங்கள் என்றார். பார்த்தேன். வெளியிடத் தகாதது என்று எழுதிக் கொடுத்தேன்.”

இதற்கு ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் தனிச்சொல் கிடையாது. சான்றிதழில் ‘தோப்லே சியேகோ’ என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘டபுள் அனானமைஸ்ட்’ என்று எழுதி, முத்திரை வைத்து, கனடாவுக்கு அனுப்பினார்.